ஓப்பநாயக்கவில் ஒரு சம்மணம்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதற்காக வந்திருக்கிறேன் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் தனியறைக்குக் கூட்டிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், சொந்தக்காரர்களைப் பார்க்க என்றேன். அவர் என்னையும் கடவுச்சீட்டிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுத்த காலத்தில் எனக்கு ஒரு தாடைதான் இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோயம்புத்தூரில் பேக்கரி. என் அம்மாவும் சித்தியும் இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பாகம் பிரித்தபோது, அம்மா இந்தியாவின் பங்கிலும் சித்தி இலங்கையின் பங்கிலும் விழுந்தார்கள். சித்திக்கு மலர் என்று ஒரே மகள். முறைப்படி எனக்குத் தங்கை. சித்தியும் சித்தப்பாவும் அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லாத மலருக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது நான் ஒருவன்தான். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் போனில். நேரில் பார்த்ததே கிடையாது.

மலரின் மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். முதலில் நோய்த்தொற்று வந்தது, பிறகு அங்கே பெட்ரோலுக்கு வரிசை நின்றார்கள், பிறகு நான் பேக்கரி அடுப்பை மாற்றினேன். இப்படியே தள்ளிப்போனதில், பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் அவள் காதைத் தடவிப் பார்க்கும் நிலைமை வந்துவிட்டது. மலர் ஒருநாள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணே, இவரோட அண்ணன் தானே மடியில வச்சிக்கிறேங்கிறாரு. அவரு நல்ல மனுசன்தான். ஆனா அப்படி நடந்துட்டா, இவளுக்குன்னு ஒரு ஆளில்லன்னு காலத்துக்கும் பேச்சாயிரும்ண்ணே."

நான் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு போனை வைத்தேன். அதன்பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது என்ற விஷயம் நினைவுக்கு வந்தது. பேக்கரிக்காரன் சரக்கைத் தின்று பார்க்காமல் விற்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம். அந்தத் தர்மம் முழுவதும் இடுப்பைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. டாக்டர் என் முட்டி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமலேயே எடையைக் குறைக்கச் சொன்னார். ஆகவே குதிரைவாலிக் கஞ்சி, ஆகவே காலையில் போன் வழியாக யோகா. பீளமேட்டிலிருந்து வகுப்பெடுக்கும் அந்த அம்மா, எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் மூச்சை விடுங்கள் என்பார். எனக்கு ஒரே ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, அதை விட முடியவில்லை. கிளம்பும்போது சோபாவில் சம்மணம் வந்திருந்தது. தரை மட்டும் பாக்கி.

ஓப்பநாயக்க டவுனில் பஸ் இறக்கிவிட்டதும் தோட்டத்துக்குப் போக த்ரீவீல் பிடித்தேன். ஓட்டியவர் சிங்களவர், தமிழும் சரளமாக வந்தது. தேயிலைக்குள் நுழைந்ததும் ரோடு வானத்தைப் பார்த்து ஏறியது. பாதி ஏற்றத்தில் வண்டியின் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்த்தது. அவர் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வெகு மரியாதையாகப் பேசினார்.

"மாத்தயா, கொற நெனைக்க வாணாம். இந்த ஏத்தத்துல பெட்டி போகும். இல்லாட்டி நீங்க போவீங்க. ரெண்டும் சேர்ந்து போகாது."

பெட்டி சொகுசாக உட்கார்ந்து மேலே போயிற்று. நான் யோகா பாயைத் தோளில் போட்டுக்கொண்டு மழைத்தூறலில் பின்னால் நடந்தேன். கோயம்புத்தூர் ஆட்டோக்காரராக இருந்தால் வழியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு என்னைத் தள்ளச் சொல்லியிருப்பார். அந்த வகையில் இவர் தங்கமான மனிதர்.

தோட்டத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வரிசைக்கு லயம் என்று பெயர். மலர் லயத்து வாசலிலிருந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணே இது, போட்டோவுல பாத்ததுக்கு இப்புடி மெலிஞ்சி போயிட்டீங்க" என்றாள். மூன்று வருடத்தில் என்னை மெலிந்தவன் என்று சொன்ன முதல் ஆள். என் சொத்தில் பாதியை அவளுக்கு எழுதிவைக்கலாம் என்று அங்கேயே தோன்றியது.

அவளுடைய கணவர் கணேசன் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாத ஆள். அவருக்கும் சேர்த்துப் பேசுபவர் அண்ணன் பெருமாள். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வற்றலான உடம்பு. நான் போனபோது தரையில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக்கூட ஊன்றாமல் அப்படியே எழுந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் கண் என் தோளுக்குப் போயிற்று.

"தம்பி, பாயா கொண்டாந்திருக்கீங்க?"

"ஆமாங்க. யோகா பாய்."

"எங்க வீட்லயும் பாய் இருக்குதுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கதவருகில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மலரின் முகம் வாடிவிட்டது. எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சொந்தப் பாயும் சொந்தச் செம்பும் தூக்கிக்கொண்டு உறவு வீட்டுக்கு வருகிறவன், உங்கள் வீட்டில் புழங்க மாட்டேன், நான் ஒரு படி மேலே என்று வாயால் சொல்லாமல் சொல்கிறான். அப்படி வந்துபோன சிலரை இவர்கள் பார்த்தும் இருக்கிறார்கள். நானோ வழுக்காத பாய், ஆன்லைனில் சலுகையில் வாங்கியது, உடற்பயிற்சிக்கு மட்டும் என்று உளறி, இன்னும் கெடுத்தேன்.

மலர்தான் சமாதானம் செய்தாள். பாயை என் தோளிலிருந்து உருவி, அடுப்படியில் விரித்து, காயவேண்டிய மிளகை அதன்மேல் கொட்டினாள். "மெளகு காயவைக்க ஒரு விரிப்பு கேட்டிருந்தேன், அண்ணன் மறக்காம கொண்டாந்துட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பெருமாள் நம்பவில்லை. என்றாலும் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ராத்திரிச் சாப்பாடு ரொட்டி. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து கனமாகத் தட்டியது, கூடவே மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்த கட்டச் சம்பல், பொரித்த கருவாடு. ஒரு ரொட்டி போதும் என்றேன். ஒத்தையாக வைக்கக் கூடாது என்று இரண்டாவதை வைத்தாள். இரண்டு முடிந்ததும் மூன்றாவதை வைத்தாள். மூன்று ஒத்தைதானே என்று கேட்டதற்குப் பதிலாக நான்காவது வந்தது. நான் கொண்டுவந்திருந்த குதிரைவாலிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்து, நாளை காலைக்கு இதில் கஞ்சி மட்டும் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரிண்ணே என்றாள்.

மறுநாள் காலையில் தர்ஷிகா குதிரைவாலியை அள்ளி அள்ளிக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா கோழித்தீனி கொண்டாந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டுக்கும் அறிவித்தாள். மலர் அப்போதுதான் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மத்தியானம் அந்தக் கோழிகளில் ஒன்று எனக்கு மரியாதையாகக் குழம்பில் வந்தது. எப்படியோ குதிரைவாலி என் வயிற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நான் சமாதானப்பட்டுக்கொண்டேன்.

தோட்டத்தில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் மாரியம்மன் கோயிலுக்கு மேலே இருக்கும் பாறை ஒன்றுதான். பாய் மிளகுக்குப் போய்விட்டதால் உரச்சாக்கு ஒன்றை விரித்து யோகா வகுப்பில் சேர்ந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் அந்த வழியாகத்தான் மலைக்கு ஏறுகிறார்கள். நான் மல்லாந்து படுத்து முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கூடையோடு நின்றார்.

"அண்ணனுக்கு வயித்து வலிங்களா?"

"இல்லைங்க, யோகா."

"மலரு வீட்டு ரொட்டியில நாலஞ்சு தின்னா அப்புடித்தான் இருக்கும். ஓமத்தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடைசியில் சவாசனம். உடம்பில் எந்த இடத்தில் என்ன நடக்கிறதோ அதை வெறுமனே கவனியுங்கள், தடுக்காதீர்கள் என்று போனில் பீளமேட்டு அம்மாவின் குரல் வந்தது. கெண்டைக்காலில் ஏதோ குளிர்ச்சியாக நடந்தது. நல்ல மாணவனாகக் கவனித்தேன், தடுக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஆறேழு அட்டைகள் நிறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எனக்குக் குறைந்திருந்தால் அந்த அளவு இரத்தம்தான் குறைந்திருக்கும். அன்றைக்கு அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

விசேஷத்துக்கு வந்த விருந்தாளி லயத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் காலடி வைத்து ஒரு பிளேன்டீயாவது குடிக்க வேண்டும். ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் அந்த மனத்தாங்கல் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகும் என்று கணேசன் எச்சரித்தார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். பிளேன்டீ என்றால் பாலில்லாத தேநீர். அதனால் கொழுப்பில்லை என்று முதல் வீட்டில் சந்தோஷப்பட்டேன். சீனி கரண்டி நிற்கும் அளவுக்குப் போட்டிருந்தது. கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு தனி. சீனி வேண்டாம் என்று இரண்டாவது வீட்டில் சொன்னதும், "எங்க வீட்டுச் சீனி மட்டும் கசக்குதாங்க?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை, குடிப்பதற்கு மட்டும் திறந்தேன்.

சாயங்காலம் எங்கிருந்தோ பொம்மை வாசிப்பதுபோல ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். த்ரீவீல் ஒன்றின் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி, அதற்குள் பாண் என்று இவர்கள் சொல்லும் பிரெட்டும் பனிஸ் என்னும் பன்னும் அடுக்கி, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் மலையேறி வருகிறார். என் வாழ்க்கையில் எந்தக் கோபுரத்தையும் அப்படிக் கும்பிட்டதில்லை. எங்கள் ஊரில் வாடிக்கையாளர் பேக்கரியைத் தேடி வர வேண்டும். இங்கே பேக்கரி பாட்டுப் பாடிக்கொண்டு உங்கள் விரதத்தைத் தேடி வருகிறது. முதலை வடிவத்தில் சீனி தூவிய கிம்புலா பனிஸ், மீன் வைத்த மாலு பாண் எல்லாம் இருந்தன. தொழில் ஆராய்ச்சி என்று சொல்லி எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினேன். தர்ஷிகா முதலையின் வாலைத் தின்றுவிட்டுத் தலையை என் வாயில் ஊட்டினாள். அவளுடைய குத்தாத காது என் கண்ணுக்கு நேரே இருந்தது. எனக்குப் பயம் வந்தது. நான் இங்கே உட்கார வந்தவன், தின்றே முடிந்துவிடுவேன் போலிருந்தது.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக இங்கேயே தங்கிப் படிப்பிக்கிறார். பாறையில் என்னைப் பார்த்த பிள்ளைகள் இந்தியாவிலிருந்து ஒரு சாமியார் வந்திருப்பதாகச் சொன்னார்களாம்.

"பிள்ளையளுக்கு ரெண்டு ஆசனம் காட்டிவிடுங்கோ. இந்தியாவில இருந்து வாற ஆளுக்குத் தெரியாத யோகாசனமே?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பெருமாள் பக்கத்தில் நின்று வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆகவே போனேன். காலைக் கூட்டத்தில், கொடிக்கம்பத்துக்கு அருகில், மரம்போல ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனத்தைக் காட்டினேன். உடம்பின் சமநிலைதான் மனத்தின் சமநிலை என்று சொல்ல ஆரம்பித்து, சமநிலை என்ற சொல் முடிவதற்குள் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதுவும் ஆசனத்தில் சேர்த்தி என்று நினைத்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கத்துப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியர் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"குறை விளங்காதேங்கோ. நாளைக்கு நீங்கள் கதிரையில இருந்து பிள்ளையை மடியில வைக்கலாம்தானே? ஆர் என்ன சொல்லப் போகினம்?"

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மலரிடம் நாற்காலி பற்றி மெல்லச் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒங்க இஷ்டம்ண்ணே. முட்டிக்கு முடியலன்னா என்னா செய்றது. ஆனா பாய் கதைய இன்னும் மறக்கலண்ணே இங்க. கோயில்ல எல்லாரும் தரையில இருக்கப்ப நீங்க மட்டும் கதிரையில இருந்தா..." என்று நிறுத்திவிட்டுத் துருவலைத் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகு நான் நாற்காலிப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோயில் பக்கம் நடந்தேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகை அந்த வழியில்தான் இருந்தது. ஊரில் தினமும் காலையில் எடை பார்த்துப் பழகியவன்; நாலு நாளாகப் பார்க்காததில் இருப்புக்கொள்ளவில்லை. பெண்கள் மழையில் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காகக் கொக்கியில் மாட்டி எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் நிறுக்க முடியுமா என்று கேட்டேன். பெண்களுக்கு வேடிக்கை கிடைத்த சந்தோஷம். பெரிய கொழுந்துச் சாக்கைத் தொட்டிலாக்கிக் கட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். மேலே குறுக்குச்சட்டம் முனகியது. ஒரு முழுத் தோட்டத்தின் முன்னால் சாக்கில் தொங்கினேன்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து ஓர் எடையைச் சொன்னார். நான் ஊரிலிருந்து கிளம்பியதைவிடக் குறைவு. நம்ப முடியாமல் இன்னொரு தடவை கேட்டேன். அதற்குள், முந்தின நாள் ஓமத்தண்ணி குடிக்கச் சொன்ன அம்மா சத்தமாகச் சிரித்தார்.

"ஐயா, பழக்கத்துல அண்ணனுக்கும் சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிச்சிட்டீங்களா? இன்னும் நல்லாக் கழிங்க. மனுசன் மழையில நனைஞ்சுதான வந்திருக்காரு."

கணக்கப்பிள்ளைக்கே அப்போதுதான் தெரிந்தது. சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழிக்கிற வழக்கத்தில் கை தானாகக் கழித்திருக்கிறது. அவர் சரியான எடையைச் சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்று கும்பிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் எடையைக் குறைத்துச் சொன்ன தராசு. ஆனால் சாக்கிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், அடுத்த சாக்கு அந்த அம்மாவுடையது. அதிலும் கழித்தார். அந்த அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்த அதே கழிவில் அவருக்கு அன்றைய கூலி குறைந்தது. சிரித்துக்கொண்டு இறங்கியவன் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் தகரக் கூரை போட்டு, தரையில் சாணம் மெழுகி, மணைப்பலகை போட்டிருந்தார்கள். மாமன் சீராக நான் கொண்டுவந்த தோடு, பாவாடை சட்டை, பழத்தட்டு எல்லாவற்றையும் மலர் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்திருந்தாள். நிவித்திகலவிலிருந்து நகை வேலை செய்பவர் ஒருவர் வந்திருந்தார், கைத்தொழில்காரர்களை அங்கே பாஸ் என்பார்கள். சிங்களவர், இந்தப் பக்கத்துப் பாதிக் காதுகள் அவர் குத்தியவைதானாம். பெருமாள் மணைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிக்கு முட்டி சரியில்லன்னா கூச்சப்படாம சொல்லுங்க. நான் வச்சிக்கிறேன். யாரு புள்ள, நம்ம புள்ளதான்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மலர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இடது முட்டியில் ஒரு சத்தம் கேட்டது. நல்லவேளை, தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு மணையைத் தொட்டது. ஒரு காலைக் கையால் இழுத்து மடித்தேன், மற்றதையும் இழுத்தேன். பீளமேட்டு அம்மா பார்த்தால் இதைச் சம்மணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் இரண்டு காலும் மடங்கி, இரண்டும் தரையில் இருந்தன. எனக்குக் கண் கலங்கியது. வலியும் ஒரு காரணம்.

தர்ஷிகாவைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அவள் சறுக்கிக் கீழே போனாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி சறுக்கினாள். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இத்தனை மாதம் முட்டியைப் பற்றியே கவலைப்பட்டுவிட்டேன். மடி இருக்க வேண்டிய இடத்தில் வயிறு உட்கார்ந்திருந்தது. எனக்கு மடியே இல்லை.

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. பாஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெருமாள் பாதி எழுந்துவிட்டார். இரண்டு கையையும் பிள்ளையின் பக்கம் நீட்டிவிட்டார். மலர் தலையைக் குனிந்துகொண்டாள். என் வாழ்நாளில் தின்ற பப்ஸ் ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் நான் வெறுத்தேன்.

தர்ஷிகா எழுந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி, என்னைப் பார்த்தபடி, என் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"மாமா, இப்ப வழுக்கல" என்றாள்.

பாஸ் எட்டிப் பார்த்தார். "ஹொந்தாய், நல்லாருக்கு. இப்படியே இருக்கட்டும். பபாவுக்குத் தலை ஆடாது" என்றார். ஒரு பக்கக் கன்னத்தை வைத்தபோது ஒரு காது, மறுபக்கம் திருப்பி வைத்தபோது மறு காது. ஊசி ஏறியதும் அவள் அழவில்லை, என் வயிற்றைக் கடித்தாள். கத்தியது நான்தான். தப்புக்காரர்கள் அதைக் குலவை என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள். பெருமாள் மறுபடி உட்கார்ந்து, "சரியான மாமன்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதன்பிறகுதான் சங்கடம். எல்லோரும் எழுந்து பந்திக்குப் போனார்கள். நானும் எழப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மலர் புதுத் தோடு மின்னுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"மலர், கால் ரெண்டும் மரத்துப்போச்சு. யாருக்கும் தெரியாம நாலு பேரைக் கூப்பிடு, தூக்கிவிடட்டும்" என்றேன்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு வாழையிலையைக் கொண்டுவந்து நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே என் முன்னால் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"எந்திரிக்காதீங்கண்ணே. என் கல்யாணத்துல எங்க பக்கத்துக்குப் போட்ட பாய்ல ஒருத்தரும் இல்ல. சுருட்டி வச்சிட்டாங்க. நீங்க இங்கயே இருங்க. எல்லாரும் கொஞ்ச நேரம் நல்லாப் பாக்கட்டும்."

நான் எழவில்லை. பெருமாள் சோற்றுச் சட்டியோடு பந்தி பரிமாறிக்கொண்டு வந்து, என் இலையில் இரண்டு கரண்டி போட்டுவிட்டு, போதுமா தம்பி என்று கேட்டார். இன்னும் வையுங்கள் என்றேன்.